ஆட்டுக்குட்டி, முட்டை, நீல ரிப்பன்: வாசகர் கேள்வி பதில்

இந்த மாசம் வந்த கேள்விகள்ல பாதிக்கு மேல ஃபோர் எச் கிளப் பத்தித்தான், பசங்க ஆளுக்கொரு ப்ராஜெக்ட் எடுத்து செஞ்சு கத்துக்கற கிளப் அது. குளிர் விட்டு மார்ச், ஏப்ரல் வந்துட்டாலே அமெரிக்காவுல இருக்கற நம்ம வீடுகள்ல இந்தப் பேச்சு ஆரம்பிச்சுடும். நான் ஒஹையோவுல ஒரு கிளப்புல அட்வைசரா இருக்கேன், அதனால எனக்குத் தெரிஞ்ச வரைக்கும் ஒவ்வொண்ணா சொல்றேன். உங்க ஸ்டேட்ல, உங்க கவுண்டியில (நம்ம ஊர் மாவட்டம் மாதிரி) தேதியும் ரூலும் கொஞ்சம் மாறும், அத மட்டும் மனசுல வெச்சுக்கோங்க.

கேள்வி: போன வருஷம்தான் சென்னையிலேருந்து கொலம்பஸ் வந்தோம். பொண்ணு மூணாவது படிக்கறா. ஸ்கூல்லேருந்து பச்சை கலர்ல நாலு இலை போட்ட ஒரு நோட்டீஸ் வந்துருக்கு, சீக்கிரம் சேரணுமாம். உள்ள பாத்தா எல்லாம் ஆடு, மாடு, பன்னி படமா இருக்கு. நாங்க அபார்ட்மெண்ட்ல இருக்கோம், எங்களுக்கு இது எதுக்கு? (ஒரு அம்மா, கொலம்பஸ்)

பதில்: சேத்து விடுங்க, தயங்காதீங்க. அபார்ட்மெண்ட் பசங்க எங்க கிளப்லயே நிறைய பேர் இருக்காங்க. தையல், சமையல், போட்டோ, ராக்கெட், ரோபாட்டிக்ஸ், மேடைப் பேச்சு, செடி, மரவேலைன்னு ப்ராஜெக்ட் லிஸ்ட் அவ்ளோ பெருசு. ஆடு மாடு அதுல ஒரு பகுதி, படம் எடுத்தா அழகா இருக்கும்னு நோட்டீஸ்ல அதையே போட்டுடறாங்க.

அந்த நாலு இலையிலயும் ஒவ்வொரு எச் இருக்கும், தலை, இதயம், கை, ஆரோக்கியம்னு நாலுக்கும் இங்கிலீஷ்ல எச்லதான் ஆரம்பிக்கும், அவ்ளோதான் பேர். ஆனா இதோட கதை உங்க ஊர் பக்கத்துலதான் தொடங்குச்சு, அத கண்டிப்பா சொல்லணும். கொலம்பஸ்லேருந்து மேற்கால போனா ஸ்பிரிங்ஃபீல்டுன்னு ஒரு ஊர். அங்க ஏ.பி. கிரஹாம்னு ஒரு ஸ்கூல் சூப்பரின்டெண்டென்ட் 1902 ஜனவரியில சுமார் 30 பசங்கள கோர்ட் கட்டடத்தோட பேஸ்மெண்ட்ல கூட்டி வெச்சு, மக்காச்சோளம் போடுங்க, காய்கறி போடுங்க, லிட்மஸ் பேப்பர் வெச்சு உங்க வீட்டு மண்ண டெஸ்ட் பண்ணுங்கன்னு வேலை குடுத்தாரு. அதே சமயத்துல வேற ஸ்டேட்லயும் இதே மாதிரி சோளக் கிளப், தக்காளிக் கிளப்னு முளைச்சுது. பின்னாடி இருந்த காரணம் எனக்கு ரொம்பப் பிடிக்கும். யூனிவர்சிட்டிக்காரங்க புது விவசாய முறை கண்டுபிடிச்சு வெச்சிருந்தாங்க, பெரியவங்க கேக்க மாட்டேன்னுட்டாங்க, எங்க அப்பா காலத்துலேருந்து இப்படித்தான்னு. பசங்க கேட்டாங்க. பசங்க நெலத்துல விளைஞ்சத பாத்துட்டு அப்பாக்கள் மாறினாங்க. 1910ல சவுத் கரோலினாவுல ஜெர்ரி மூர்னு ஒரு பையன் ஒரே ஏக்கர்ல 228 புஷலுக்கு (புஷல்ங்கறது தானியம் அளக்கற அளவு) மேல மக்காச்சோளம் எடுத்தான், அப்ப நாட்டோட சராசரி ஏக்கருக்கு 30 புஷல் கூட கிடையாது. 1914ல ஸ்மித் லீவர் சட்டம்னு ஒண்ணு வந்து இதெல்லாம் யூனிவர்சிட்டியோட எக்ஸ்டென்ஷன் வேலையா, அதாவது ஆராய்ச்சிய ஊர்க்காரங்ககிட்ட கொண்டு போற வேலையா ஆயிடுச்சு. இன்னிக்கும் ஒஹையோவுல 88 கவுண்டிக்கும் எக்ஸ்டென்ஷன் ஆபீஸ் உண்டு, நடத்தறது ஒஹையோ ஸ்டேட் யூனிவர்சிட்டி.

உங்க பொண்ணுக்கு எட்டு வயசு ஆயிடுச்சுன்னா நேரா ப்ராஜெக்ட் எடுக்கலாம். இங்க எட்டு வயசும் ஆகணும், மூணாங்கிளாஸும் வரணும். அதுக்குக் கீழ இருக்கற வாண்டுகளுக்கு க்ளோவர்பட்னு தனியா வெச்சிருக்காங்க, அவங்களுக்குப் போட்டியே கிடையாது, விளையாட்டா செஞ்சு பாக்கறதுதான். முதல் வருஷம் ஒரே ஒரு ப்ராஜெக்ட் போதும். நம்ம ஆளுங்க ஆறு எடுத்துட்டு ஜூன் மாசம் எல்லாத்தையும் பாதியில விடறத நிறைய பாத்தாச்சு, அவளையே லிஸ்ட்ட படிக்கச் சொல்லி அவளையே ஒண்ணு எடுக்க விடுங்க.

கேள்வி: என் பையன் ஸ்பிரிங் டெமான்ஸ்ட்ரேஷன்ல ப்ளூ ரிப்பன் வாங்கிட்டு வந்தான். ஊருக்கெல்லாம் போட்டோ அனுப்பிட்டோம். அப்புறம் பாத்தா அன்னிக்கு வந்த 14 பேர்ல 9 பேருக்கு ப்ளூ! ஃபர்ஸ்ட் யாரு செகண்ட் யாருன்னே சொல்லல. எல்லாருக்கும் குடுத்தா அதுக்கு என்ன மதிப்பு? (ஒரு அப்பா, இண்டியானாபொலிஸ்)

பதில்: மதிப்பு இருக்கு சார், நெறையவே இருக்கு. நம்ம பள்ளிக்கூடத்துல ரேங்க் கார்டு பாத்து வளந்ததால இது புரிய கொஞ்சம் நேரம் எடுக்கும், ஆனா புரிஞ்சுட்டா உங்களுக்கே பிடிச்சுப் போகும்.

ஃபோர் எச்ல நிறைய இடத்துல டேனிஷ் சிஸ்டம்னு ஒரு முறையில மார்க் போடறாங்க. அதுல பசங்கள ஒருத்தர இன்னொருத்தரோட ஒப்பிடறதே இல்ல. ஒரு நல்ல டெமான்ஸ்ட்ரேஷன்னா இப்படி இருக்கணும்னு முன்னாடியே ஒரு அளவு எழுதி வெச்சிருக்காங்க, ஒவ்வொரு பையனும் அந்த அளவுக்கு எவ்ளோ கிட்ட வந்தான்னு மட்டும்தான் ஜட்ஜ் பாப்பாரு. வந்துட்டா ப்ளூ, ஓரளவுக்கு வந்தா ரெட், இன்னும் நிறைய உழைக்கணும்னா வொய்ட். 14 பேரும் அளவ தொட்டா 14 பேருக்கும் ப்ளூ, ஒருத்தரும் தொடலேன்னா யாருக்கும் கிடையாது. அடுத்த கட்டத்துக்கு அனுப்ப ஆள் எடுக்கணும்னா அந்த ப்ளூ வாங்கினவங்கள்லேருந்து தனியா சேம்பியன் எடுப்பாங்க, பல ஊர்ல அதுக்கு பர்ப்பிள் ரிப்பன்.

இதனால என்ன ஆகுதுன்னு நேர்ல பாத்தத சொல்றேன். எங்க கவுண்டியில ஒரு தமிழ்ப் பையன், பத்து வயசு இருக்கும், இட்லி மாவு எப்படிப் பொங்குதுன்னு டெமோ பண்ணான். ரெண்டு கண்ணாடி ஜாடி. ஒண்ணுல அப்பதான் அரைச்ச மாவு, இன்னொண்ணுல ராத்திரி பூரா ஓவன்ல லைட்ட மட்டும் போட்டு உள்ள வெச்சு எடுத்த மாவு, ஏன்னா ஒஹையோ குளிருக்கு கிச்சன் மேடையில வெச்சா மாவு அசையவே அசையாது. ரெண்டு ஜாடியிலயும் ஆரம்ப உயரத்துக்கு ஒரு ரப்பர் பேண்ட் போட்டுருந்தான். ஒண்ணு அப்படியே இருக்கு, இன்னொண்ணு ரப்பர் பேண்டத் தாண்டி மேல போயிருக்கு, உள்ள குமிழி குமிழியா. உளுந்துலயும் அரிசியிலயும் ஏற்கனவே இருக்கற பாக்டீரியா, அதுல முக்கியமானது லியூகோநாஸ்டாக், அது மாவுல இருக்கற சர்க்கரையத் தின்னுட்டு கார்பன் டை ஆக்சைடு விடுது, உளுந்தோட வழவழப்பு அந்தக் காத்த பிடிச்சு வெச்சுக்குதுன்னு அவ்ளோ தெளிவா சொன்னான். ஜட்ஜம்மா இட்லியே பாத்ததில்ல போல, ஆனா கேட்ட கேள்வி நல்ல கேள்வி: கெட்டுப்போன மாவுக்கும் புளிச்ச மாவுக்கும் வித்தியாசம் எப்படித் தெரியும்? அவன் கொஞ்ச நேரம் யோசிச்சுட்டு, வாசனையும் கலரும் வெச்சு எங்க பாட்டி சொல்லுவாங்க, அறிவியலா எனக்குத் தெரியல, கண்டுபிடிச்சுட்டு வர்றேன்னான். அந்தப் பதிலுக்கு அவங்க முழு மார்க் போட்டாங்க. தெரியலன்னு சொல்ற தைரியத்துக்கும் அந்த மார்க் போடற தாள்ல எடம் இருக்கு.

அன்னிக்கு அவனுக்கு அடுத்து வந்த பொண்ணு சைக்கிள் ட்யூப் பஞ்சர் ஒட்டறது எப்படின்னு செஞ்சு காட்டினா. இவங்க ரெண்டு பேர்ல யார் ஃபர்ஸ்ட்னு கேட்டா என்ன சொல்றது? இட்லி மாவுக்கும் பஞ்சருக்கும் நடுவுல எப்படி ரேங்க் போடுவீங்க?

அதனால நீங்க செய்ய வேண்டியது ஒண்ணுதான், ரிப்பன் கூட ஒரு மார்க் ஷீட் குடுத்துருப்பாங்க, ஜட்ஜ் கைப்பட எழுதின கமெண்ட் இருக்கும், அத பையன் கூட உக்காந்து படிங்க. குரல் சத்தமா இருக்கணும், போஸ்டர்ல எழுத்து பெருசா இருக்கணும், சமையல் பண்றதுக்கு முன்னாடி கை கழுவல இப்படி ஏதாவது இருக்கும். அடுத்த வருஷம் அதுல ரெண்டு சரி பண்ணிட்டான்னா அதுதான் அவனோட வளர்ச்சி. 9 பேருக்கு ப்ளூன்னு அவன் முன்னாடி மட்டும் சொல்லிடாதீங்க, ப்ளீஸ். அவன் அந்த அளவ தொட்டுருக்கான், உழைச்சுத் தொட்டுருக்கான்.

கேள்வி: நான் ஆறாவது படிக்கறேன். ஸ்பிரிங்ல எம்ப்ரியாலஜி ப்ராஜெக்ட் எடுத்தேன். 12 முட்டை வெச்சதுல 7 குஞ்சு வந்துச்சு. 5 வரல. அதுல ஒண்ணு ஓட்டுல ஓட்டை போட்டுட்டு அப்புறம் வெளிய வரவே இல்ல. நான் ஓட்ட உடைச்சு விட்டுருந்தா பொழைச்சிருக்குமா? எனக்கு ரொம்ப கஷ்டமா இருக்கு. ப்ராஜெக்ட் பத்தி எழுதி வெக்கற புக்ல இத எழுதணுமா? (ஒரு மாணவி, சின்சினாட்டி, அம்மா டைப் பண்ணிக் குடுத்தது)

பதில்: கண்ணு, முதல்ல 7 குஞ்சு வந்ததுக்கு வாழ்த்து. முதல் தடவை வீட்டு இன்குபேட்டர்ல அது நல்ல எண்ணிக்கை. கஷ்டமா இருக்குன்னு சொன்னதும் சரிதான், 21 நாள் பக்கத்துல உக்காந்து பாத்த ஒண்ணு போனா கஷ்டமாத்தான் இருக்கும்.

நீ உடைச்சு விடாதது சரி. ஓட்டுல முதல் ஓட்டை போட்டதுக்கப்புறம் குஞ்சு ரொம்ப நேரம் சும்மா இருக்கற மாதிரி தெரியும், 12 மணி நேரம், சில சமயம் ஒரு முழு நாள் கூட ஆகும். அது சும்மா இல்ல. உள்ள மிச்சம் இருக்கற மஞ்சள் கருவ வயித்துக்குள்ள இழுத்துக்கிட்டு இருக்கும், ஓட்டு உள்பக்கம் இருக்கற ரத்தக் குழாயெல்லாம் மெல்ல வத்தும். அந்த நேரத்துல நாம ஓட்ட பிச்சா ரத்தம் கொட்டிடும், நிறைய குஞ்சு அப்படித்தான் போகுது. அந்த மஞ்சள் கரு உள்ள போறதாலதான் பொரிச்ச குஞ்சு ரெண்டு மூணு நாள் சாப்பாடு இல்லாம கூட தாங்குது. அதனால ஈரமா இருக்கற குஞ்ச அவசரப்பட்டு வெளிய எடுக்க வேண்டியதும் இல்ல.

அஞ்சு ஏன் வரலன்னு கண்டுபிடிக்கலாம், அதுதான் இந்த ப்ராஜெக்டோட முக்கியமான பாகம்னு நான் சொல்லுவேன். ஏழாவது நாள் லைட் அடிச்சுப் பாத்தியா? சிலந்தி மாதிரி சிவப்பா கோடு கோடா தெரிஞ்சிருந்தா உள்ள உயிர் வளந்துருக்கு, தெளிவா வெறுமையா இருந்தா அது கரு கூடாத முட்டை, அதுக்கு உன்னால ஒண்ணும் பண்ணிருக்க முடியாது. அப்புறம் உன் டைரிய பாரு. ஃபேன் வெச்ச இன்குபேட்டர்னா 99.5 டிகிரி ஃபாரன்ஹீட் விடாம இருந்துச்சா, ராத்திரி கரண்ட் போச்சா, 18ஆவது நாள் வரைக்கும் தினமும் மூணு தடவையாவது திருப்பினியா, 18ஆவது நாள் திருப்பறத நிறுத்திட்டு ஈரப்பதத்த 65, 70க்கு ஏத்தினியா. ஓட்டை போட்டுட்டு நின்னுபோன குஞ்சுக்குப் பெரும்பாலும் கடைசி மூணு நாள் ஈரம் பத்தாததுதான் காரணமா இருக்கும். ஈரம் போனா உள் ஜவ்வு காஞ்சு குஞ்சு மேல பேப்பர் மாதிரி ஒட்டிக்கும், திரும்ப முடியாது. ஆசையில மூடிய அடிக்கடி திறந்து பாத்தா ஈரம் போயிடும், எல்லா வீட்லயும் நடக்கறதுதான், அடுத்த தடவை மூடிக்கு வெளியிலேருந்தே பாரு.

புக்ல எழுதணுமான்னு கேட்டியே, கண்டிப்பா எழுது. 12 வெச்சேன், 7 வந்துச்சு, 5 வரல, ஏன்னு நான் நினைக்கறேன், அடுத்த வருஷம் என்ன மாத்துவேன். பொரிச்ச ஏழப் பத்தி எழுதறத விட வராத அஞ்சப் பத்தி நீ எழுதறதத்தான் ஜட்ஜ் கவனமா படிப்பாங்க.

இப்ப இருக்கற ஏழுக்கு முதல் வாரம் 95 டிகிரி சூடு, அப்புறம் வாரத்துக்கு அஞ்சு டிகிரி குறைச்சுக்கிட்டே வா. தொட்டா ஒவ்வொரு தடவையும் சோப் போட்டு கை கழுவு, முத்தம் குடுக்கறது வேண்டாம்டா, சால்மோனெல்லாங்கற வயித்தக் கெடுக்கற கிருமி வரும். அம்மாவுக்கு ஒரு வார்த்தை: கோடையில நடக்கற கவுண்டி ஃபேருக்கு, அதாவது கண்காட்சிக்கு, கோழி கொண்டு போறதா இருந்தா பறவைக் காய்ச்சல் ரூல் என்னன்னு எக்ஸ்டென்ஷன் ஆபீஸ்ல கேட்டுக்கோங்க. 2015ல ஒஹையோ பூரா கோழி கண்காட்சிய ரத்து பண்ணாங்க, பசங்க கோழி இல்லாமயே வந்து அதப் பத்திக் கேட்ட கேள்விக்குப் பதில் சொல்லி காட்டினாங்க.

கேள்வி: நாங்க சுத்த சைவம். பொண்ணுக்கு 12 வயசு, ஆட்டுக்குட்டி வளக்கணும்னு ஒத்தக்கால்ல நிக்கறா, கிளப்ல ஒரு ஃபார்ம்காரங்க இடமும் தர்றேங்கறாங்க. ஆனா ஃபேர் முடிஞ்சா ஏலம் விட்டு வெட்டறதுக்கு அனுப்பிடுவாங்களாமே? அவளுக்கு இத எப்படி சொல்றது, வேண்டாம்னு சொல்லிடலாமா? (ஒரு அம்மா, டேட்டன் பக்கம்)

பதில்: இந்தக் கேள்வி ஒவ்வொரு ஸ்பிரிங்கும் யாராவது ஒரு தமிழ் வீட்லேருந்து வருது, இதுக்கு நான் சுத்தி வளைக்காம பதில் சொல்லணும்னு நினைக்கறேன் சகோதரி. நீங்க கேள்விப்பட்டது உண்மை. மார்க்கெட் லேம், அதாவது விக்கறதுக்கு வளக்கற ஆட்டுக்குட்டின்னு பேர் போட்ட ப்ராஜெக்ட்னா அது கறிக்குத்தான். ஜனவரி, பிப்ரவரியில பொறந்த குட்டிய ஏப்ரல், மே வாக்குல வாங்கி, எடை போட்டு காதுல டேக் அடிச்சு, கோடை ஃபேர் வரைக்கும் வளத்து, கடைசியில ஏலம். பல கவுண்டியில ஃபேருக்குள்ள வந்துட்டா திரும்ப வீட்டுக்குக் கூட்டிட்டுப் போகவே முடியாது, அங்கேருந்து லாரிதான்.

இத மறைச்சு சேத்து விடாதீங்க. நாலு மாசம் காலையில ஸ்கூலுக்கு முன்னாடியும் சாயங்காலமும் தீவனம் போட்டு, கழுத்துல கயிறு மாட்டி நடக்கப் பழக்கி, பேர் வெச்சு கூப்பிட்டு, ஃபேர்ல கடைசி நாள் திடீர்னு தெரிஞ்சா அந்தப் பொண்ணு உங்கள மன்னிக்கவே மாட்டா. தெரிஞ்சே செய்யற ஃபார்ம் வீட்டுப் பசங்க கூட அன்னிக்கு அழுவாங்க, பதினேழு வயசுப் பையன் ஆட்டு மேல முகத்த வெச்சு நின்னுக்கிட்டு இருப்பான், நான் பாத்துருக்கேன். அவங்க சைடையும் நான் மதிக்கறேன், நாம சாப்பிடறது எங்கேருந்து வருதுன்னு கண்ண மூடிக்காம தெரிஞ்சுக்கறாங்க, மருந்து போட்டா எத்தன நாள் கழிச்சுத்தான் கறிக்கு அனுப்பலாம்னு எழுதி வெச்சு கையெழுத்துப் போடறாங்க, அந்தப் பொறுப்பு சாதாரணம் இல்ல. ஆனா அது உங்க வீட்டு வழி இல்ல, அதுல தப்பும் இல்ல.

நல்ல சேதி என்னன்னா வேற வழி நிறைய இருக்கு. ப்ரீடிங் ஷீப்னு தனி ப்ராஜெக்ட், பெண் ஆட்டுக்குட்டி, மந்தையில திரும்பப் போய் சேந்துடும், ஏலமே கிடையாது. பால் ஆடு இருக்கு, மார்ச், ஏப்ரல்லதான் அது குட்டி போடற நேரம், பக்கத்துல இருந்து பாக்கலாம். கிடாக்குட்டி எங்க போகுதுன்னு அந்தக் கேள்வி அங்கயும் வரும், அதையும் அவகிட்ட சொல்லிடுங்க. முட்டைக்கோழி, முயல், நாய் எல்லாத்துக்கும் ப்ராஜெக்ட் உண்டு. ஃபார்ம்காரங்க இடம் தர்றேன்னு சொன்னாங்கன்னா அவங்க ஆட்டையே லீஸுக்கு எடுத்து, போய் பாத்துக்கற மாதிரி பல கவுண்டியில விடறாங்க, வாங்கவே வேண்டாம், கேட்டுப் பாருங்க.

அப்புறம் ஷோமன்ஷிப்னு ஒரு போட்டி இருக்கு, அதுல ஆட்டுக்கு மார்க் இல்ல, பொண்ணுக்குத்தான் மார்க். ஆட்ட எப்படி நடத்தறா, எப்படி நிறுத்தறா, ஜட்ஜ் எந்தப் பக்கம் நகந்தாலும் ஆட்ட மறைக்காம எப்படி இடம் மாத்தி நிக்கறா, தீவனத்துல என்ன இருக்குன்னு கேட்டா சொல்றாளா. ப்ரீடிங் ஆடு வெச்சும் இதுல நிக்கலாம். அவளுக்கு ஆடுதான் வேணும்னா இதுல அவ முழுசா மனசு நிறைய செய்வா. எல்லா வழியையும் அவ முன்னாடி வெச்சு, ஒவ்வொண்ணுலயும் கடைசியில ஆடு எங்க போகும்னு சேத்து சொல்லி, அவளையே முடிவெடுக்க விடுங்க. 12 வயசுக்கு அது புரியும்.

கேள்வி: நாங்க ரெண்டு பேரும் வேலைக்குப் போறோம். பிள்ளைய விட்டுட்டுப் போனா போதுமா, நாங்களும் இருக்கணுமா? (ஒரு அப்பா, க்ளீவ்லேண்ட்)

பதில்: சின்னப் பிள்ளைன்னா கூட இருங்க, பெருசுங்கள விட்டுட்டுப் போகலாம். ஆனா இது பூரா வாலண்டியர்கள் நடத்தறது, ஏதாவது ஒரு கை குடுத்தீங்கன்னா நல்லா இருக்கும். அட்வைசர் ஆகணும்னா விண்ணப்பம், கைரேகை, பேக்ரவுண்ட் செக், குழந்தைப் பாதுகாப்புப் பயிற்சி எல்லாம் உண்டு, தனியா ஒரு பெரியவர் ஒரு குழந்தையோட இருக்கக் கூடாதுன்னு ரூலும் உண்டு. இதெல்லாம் கேட்டு எரிச்சல் படாதீங்க, உங்க பிள்ளைக்காகத்தான். அட்வைசர் ஆக முடியலன்னா ஒரு நாள் மீட்டிங்க்கு ஸ்நாக்ஸ் கொண்டு வாங்க, ஏப்ரல்ல ரோட்டோரம் குப்பை எடுக்கற அன்னிக்கு வந்து நில்லுங்க. ப்ராஜெக்ட் வேலைய மட்டும் நீங்க செஞ்சு குடுக்காதீங்க, தையல் கோணலா இருந்தா கோணலாவே இருக்கட்டும், ஜட்ஜ் பிள்ளைகிட்டதான் கேள்வி கேப்பாரு, யார் தைச்சதுன்னு முதல் நிமிஷத்துலயே தெரிஞ்சுடும்.

கேள்வி: பேரனப் பாக்க அமெரிக்கா போயிட்டு இப்பத்தான் ஊருக்கு வந்தனுங்க. அவன் ஒரு நோட்டுல முயலுக்குத் தீவனம் எத்தன, காசு எத்தன, எடை எத்தனன்னு எழுதிட்டே இருந்தானுங்க. எனக்கு அது ரொம்பப் புடிச்சுப் போச்சுங்க. நம்ம ஊர்ல இந்த மாதிரி ஏதாச்சு இருக்குங்களா? (ஒரு தாத்தா, பொள்ளாச்சி)

பதில்: ஐயா, உங்க கண்ணு சரியான இடத்துல பட்டுருக்கு. அந்த நோட்டுக்கு ரெக்கார்ட் புக்னு பேர், இந்தக் கிளப்போட உயிரே அதுதான்னு நான் நினைக்கறேன். வருஷ ஆரம்பத்துல இந்த வருஷம் என்ன கத்துக்கப் போறேன்னு எழுதணும், தீவனம், மருந்து, கூண்டு எல்லாத்துக்கும் செலவு எழுதணும், எவ்ளோ தீவனத்துக்கு எவ்ளோ எடை கூடுச்சுன்னு கணக்கு போடணும், கடைசியில லாபமா நஷ்டமா. முக்காவாசிப் பசங்களுக்கு முதல் வருஷம் நஷ்டம்தான் வரும், அதையும் அப்படியே எழுதுவாங்க. பத்து வயசுல ஒரு பையன் தன் கையால நஷ்டக் கணக்கு எழுதிப் பாக்கறது எவ்ளோ பெரிய பாடம்னு விவசாயம் பண்ணின உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்ல.

அப்படியே இதே மாதிரி ஒண்ணுன்னு நம்ம ஊர்ல சொல்ல முடியாதுங்க, ஆனா துண்டு துண்டா இருக்கு. ஸ்கூல்ல சாரணர் இயக்கம், தேசிய பசுமைப்படை இருக்கு, காலேஜ்ல 1969ல ஆரம்பிச்ச என்எஸ்எஸ் இருக்கு, 1972லேருந்து நேரு யுவ கேந்திரா மூலமா ஊர் ஊரா இளைஞர் மன்றம் நடந்துச்சு, ஆனா அது 15 வயசுக்கு மேல. விவசாய ஆராய்ச்சிய ஊர்க்காரங்ககிட்ட கொண்டு போற எக்ஸ்டென்ஷன் வேலைக்கு நம்மகிட்ட வேளாண் அறிவியல் நிலையம் இருக்கு, நாட்டுலயே முதல்ல 1974ல புதுச்சேரியிலதான் தொடங்குச்சு, உங்களுக்குக் கிட்ட காரமடையில ஒண்ணு இருக்கு. அங்க பெரியவங்களுக்குத்தான் பெரும்பாலும் பயிற்சி. உங்க தெருவுல பத்து பசங்கள சேத்து ஆளுக்கு ரெண்டு நாட்டுக்கோழியோ நாலு தக்காளிச் செடியோ குடுத்து ஒரு நோட்டும் குடுத்தீங்கன்னா ஆரம்பிச்சாச்சு. கிரஹாமும் 1902ல அவ்ளோதான் பண்ணாரு.

கேள்வி: எனக்கு 15 வயசு. அஞ்சு வருஷமா கிளப்ல இருக்கேன், இப்ப போர் அடிக்குது. காலேஜ் அப்ளிகேஷனுக்கு யூஸ் ஆகும்னு அப்பா விடமாட்டேங்கறார். விட்டுடட்டுமா? (ஒரு மாணவர், மிச்சிகன்)

பதில்: தம்பி, அஞ்சாவது வருஷமும் அதே குக்கீ ப்ராஜெக்ட் பண்ணினா யாருக்கும் போர்தான் அடிக்கும். உன் வயசுக்கு வேற கதவு திறக்கும், அத பாத்தியா? இப்ப ஸ்பிரிங்ல கேம்ப் கவுன்சிலர் ட்ரெய்னிங் நடக்கும். கோடை கேம்ப்ல எட்டு பத்து வயசு வாண்டுகள பாத்துக்கற வேலை, ராத்திரி வீட்டு ஞாபகம் வந்து அழற பிள்ளைய என்ன சொல்லி தூங்க வைக்கறது, நட்டு அலர்ஜி இருக்கற பிள்ளைக்கு சாப்பாட்டு ஹால்ல என்ன செய்யறதுன்னு உக்கார வெச்சு சொல்லிக் குடுப்பாங்க. ஒரு கேபின் நிறைய பிள்ளைங்க உன்ன நம்பி தூங்கும்போது உனக்குள்ள என்ன மாறுதுன்னு செஞ்சு பாத்தாதான் தெரியும்.

அதே மாதிரி ஒவ்வொரு ஸ்பிரிங்கும் வாஷிங்டன் பக்கத்துல நேஷனல் ஃபோர் எச் கான்ஃபரன்ஸ் நடக்கும். 1927ல நேஷனல் மால் புல்வெளியில கூடாரம் அடிச்சு கேம்ப்பா ஆரம்பிச்சது. இப்ப ஸ்டேட் ஸ்டேட்டா டெலிகேட் வந்து, ஒரு விஷயத்தப் பத்தி கூடி யோசிச்சு அரசாங்க அதிகாரிகள் முன்னாடி நேரா பேசறாங்க. உன் ஸ்டேட்ல அதுக்கு எப்போ, எப்படி செலக்ட் பண்றாங்கன்னு உங்க ஆபீஸ்ல கேளு.

அப்பாவுக்கும் ஒண்ணு சொல்றேன். அப்ளிகேஷன்ல ஒரு வரி போடறதுக்காக பையன பிடிச்சு உக்கார வெச்சீங்கன்னா அந்த வரியில உயிரே இருக்காது. இந்த ரெண்டுல ஒண்ண ஒரு வருஷம் செஞ்சு பாக்கட்டும், அப்பவும் வேண்டாம்னா நிறுத்திடட்டும். பதினஞ்சு வயசுல அந்த முடிவ அவன் எடுக்கலாம்.

கேள்வி: பையனுக்குத் தோட்ட ப்ராஜெக்ட். தக்காளியும் வெண்டையும் போடணும்ங்கறான். ஊர்லேருந்து விதை வந்துருக்கு. எப்ப போடறது? (ஒரு அம்மா, கொலம்பஸ்)

பதில்: ஊர் விதைய இனிமே கொரியர்ல வரவழைக்காதீங்க, விதை கொண்டு வர இங்க சட்டம் இருக்கு, பேப்பர் இல்லாம வரக் கூடாது. வெண்டை விதை இங்க கடையிலயே நல்லாக் கிடைக்குது, ஓக்ரான்னு இருக்கும்.

தக்காளிய மார்ச் கடைசி, ஏப்ரல் முதல் வாரம் வீட்டுக்குள்ளயே சின்ன கப்புல போட்டுடுங்க, ஜன்னல் வெளிச்சம் பத்தலன்னா நாத்து நெட்டையா வெளுத்துப் போகும், ஒரு ட்யூப் லைட்ட கிட்ட இறக்கிக் கட்டுங்க. ஆறேழு வாரம் கழிச்சு, வெளிய நடறதுக்கு முன்னாடி ஒரு வாரம் தினமும் கொஞ்ச நேரம் வெயில்லயும் காத்துலயும் வெச்சு எடுத்துப் பழக்குங்க, நேரா நட்டா இலை வெந்துடும். கொலம்பஸ்ல மே நடுவுல வரைக்கும் பனி விழ வாய்ப்பு இருக்கு, ஏப்ரல்ல நாலு நாள் வெயில் அடிச்சத நம்பி ஏமாறாதீங்க. வெண்டைய நாத்து விட வேண்டாம், வேர அசைச்சா அதுக்குப் பிடிக்காது, மே கடைசியில மண்ணு நல்லா சூடானதும் விதைய ஒரு ராத்திரி தண்ணியில ஊற வெச்சு நேரா தரையில ஊணுங்க. போட்ட தேதிய பையனையே அவன் புக்ல எழுதச் சொல்லுங்க, எத்தனாவது நாள் முளைச்சுதுன்னு ஃபேர்ல ஜட்ஜ் கேப்பாரு.